ருசி எழுதி அனுப்பவும்

மார்ச் 4

என் அருமை மருமகளே, முந்திரிக்கொட்டையே,

நலம். உன் பார்சல் வந்து சேர்ந்தது. கட்டைவிரல் உயரக் குட்டி பாட்டில் நாலு, ஒன்றுகூட உடையவில்லை. கையெழுத்துப் போட்டு வாங்கும்போது நம் ஓட்டல் காவலாளி, "யாரு சார் உங்களுக்கு இதெல்லாம் அனுப்புறது?" என்றான். "அக்கா மக. ஏர்போர்ட்ல சரக்குக் கடையே அவ கையில. என்னைக் கேக்காம ஒரு பாட்டில் விக்க மாட்டா" என்றேன். முக்கால்வாசி உண்மைதானே? நீ ஒரு சொட்டு வாயில் வைக்காமல் விற்கிறாய், நான் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன். போனில் சொன்னால் காற்றோடு போய்விடும் என்றுதான் எழுதச் சொல்கிறாய். எழுதுகிறேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நான் நிறுத்திவிட்டேன், அதற்குமேல் அவர்களிடம் எனக்குச் சொல்லித்தர ஒன்றும் இல்லை.

மான்கொம்பு படம் போட்ட விஸ்கி: முதலில் தேன். அப்புறம் ஆரஞ்சுத் தோலை நகத்தால் கீறினால் கண்ணில் தெறிக்குமே, அது. தொண்டையில் இறங்கியதும் பழைய மர பீரோவைத் திறந்த வாசம். பாட்டில்தான் இருமல் மருந்துப் புட்டி மாதிரி இருக்கிறது, விலையோ யானை விலை. தள்ளுபடி கேட்பார்கள், அசையாதே.

சதுர பாட்டில், சோளத்தில் காய்ச்சுகிற பர்பன்: சீனியைக் கருகவிட்டு வெனிலா தூவியதுபோல. விலை பாதி, சந்தோஷம் முக்கால். கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு இதைக் காட்டு.

கப்பல் படம் போட்ட ரம்: குழந்தை மனசு, ரவுடி உடம்பு. நீலப் புட்டி ஜின்: பைன் மரத்தடியில் எலுமிச்சம்பழம் நறுக்கியதுபோல. குடித்து முடித்ததும் புட்டியில் பூ வைக்கலாம் என்று சொல், விற்றுப்போய்விடும்.

இன்னொரு சேதி. எனக்குப் பதவி உயர்வு. பாரிலிருந்து கீழ்த்தளத்துக்கு, துணி வெளுக்கும் பகுதிக்கு மாற்றியிருக்கிறார்கள். மேனேஜர் கையைப் பிடித்துக் கெஞ்சினார், "அண்ணே, நீங்க இல்லாம கீழ எல்லாம் தள்ளாடுது" என்று. ஒரு தளமே இப்போது என் பொறுப்பு. காய்ச்சலும் போய்விட்டது என்று உன் அம்மாவிடம் சொல்.

உன் தாய்மாமன்


மார்ச் 13

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீங்கள் எழுதியதை அப்படியே ஒப்பித்தேன். "பழைய பீரோ" என்றதும் ஒரு பெரியவர் சிரித்துவிட்டார், இரண்டாக எடுத்துக்கொண்டார். சூப்பர்வைசர், "இந்தப் பேச்செல்லாம் எங்கே கத்துக்கிட்ட?" என்று கேட்டார். சொல்லவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இந்தத் தடவை அனுப்பியிருக்கும் மூன்றும் புதுச் சரக்கு. கடையில் யாருக்குமே பழக்கமில்லை. மாதக் கடைசியில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வருகிறார். அவர் முன்னால் இந்த மூன்றைப் பற்றியும் நன்றாகப் பேசிவிட்டால் ருசி பார்க்கும் கவுண்டருக்கு என்னைப் பொறுப்பாக்குவார்கள். நாள் முழுக்க நின்றுகொண்டு பெட்டி கட்டுகிற வேலை இனி இருக்காது. கவனமாகப் பார்த்து எழுதுங்கள் மாமா. உங்களைத்தான் நம்பியிருக்கிறேன்.

அம்மா இதைச் சேர்க்கச் சொன்னாள்: "வேலைன்னு சாக்குச் சொல்லிட்டு வேளைக்கு ஒண்ணு ஊத்திக்கப் போறான். எண்ணி வை."

உங்கள் மருமகள்


மார்ச் 21

முந்திரிக்கொட்டைக்கு,

உன் அம்மாவிடம் சொல், வேளைக்கு ஒன்றெல்லாம் இல்லை. வேலை முடிந்து, குளித்து, சட்டை மாற்றி, கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மகாராஜா மாதிரிதான் ருசி பார்ப்பேன். என் அறையில் நாற்காலி ஒன்றுதான். அதில் பாட்டில் உட்கார்ந்திருக்கும்.

கருப்பு மெழுகு முத்திரை விஸ்கி: ரோஜாப்பூத் தண்ணீரில் ஊறப்போட்ட பேரீச்சம்பழம். புது மணப்பெண் மாதிரி, சத்தமே கிடையாது. பயப்படாமல் யாருக்கும் கொடுக்கலாம்.

நீளக் கழுத்து வோட்கா: தண்ணீருக்குக் கோபம் வந்தால் எப்படி இருக்கும், அப்படி.

தங்க மூடி விஸ்கி. கண்ணு, இதை நான் எப்படிச் சொல்ல? முப்பது வருஷம் பீப்பாயில் தவம் கிடந்த சரக்கு. நாக்கில் பட்டுத்துணி விரித்ததுபோல. தேன், பாதாம், பின்னாலேயே ஒரு துளி மழை வாசம். பாரில் இத்தனை காலம் ஊற்றினேனே, இப்படியொன்று என் கையில் வந்ததில்லை. கவிழ்த்துத் தட்டிக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். என்ன விலை சொன்னாலும் தகும்.

கீழ்த்தளத்தில் இயந்திரங்கள் உருளும்போது ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. எட்டு மணி நேரம் வாயைத் திறக்காமல் சேர்த்துவைத்ததைத்தான் உனக்குக் கொட்டுகிறேன். கவுண்டர் உனக்குத்தான், எழுதிவைத்துக்கொள்.

உன் தாய்மாமன்


ஏப்ரல் 19

என் மருமகளுக்கு,

பார்சலும் இல்லை, கடிதமும் இல்லை. காவலாளி தினமும் கேட்கிறான். "பெரிய பதவி கெடைச்சிருக்கு, மூச்சுவிட நேரமில்ல" என்று சொல்லிவைத்திருக்கிறேன். அவன் நம்பிவிட்டான்.

பாட்டில் வராவிட்டால் என்ன? பாரில் ஊற்றின பிராந்தி ஒன்று நினைவுக்கு வந்தது, இதையும் சேர்த்துக்கொள். வயிறு பெருத்த பாட்டில், குட்டைக் கழுத்து. உலர்ந்த திராட்சையும் தோல் செருப்புக் கடையும் கலந்த வாசம். விலை நடுத்தரம். ஒன்று மட்டும் சொல்லி விற்க வேண்டும்: விஸ்கி தனியாகவும் இறங்கும், பிராந்திக்கு எதிரே ஓர் ஆள் வேண்டும்.

நீ இதை விற்கிறாயா என்றுகூட எனக்குத் தெரியாது. எழுதினேன், அவ்வளவுதான்.

உடம்புக்கு ஒன்றுமில்லையே?

மாமா


ஏப்ரல் 27

மாமா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுதப் பிடிக்கவில்லை, அதனால்தான் எழுதவில்லை.

அந்த அம்மா வந்தார். எல்லோர் முன்னாலும் கருப்பு மெழுகுக்கு ரோஜா என்றேன், மணப்பெண் என்றேன். அவர் ஒரு மூடி ஊற்றி என் மூக்குக்கு நேரே நீட்டினார். புகை, மாமா. டயர் எரிகிற மாதிரிப் புகை. குடிக்காத எனக்கே கண் எரிந்தது. "மோந்துகூடப் பாக்கலையாம்மா?" என்று கேட்டார். பின்வரிசையில் சிரித்தார்கள். கவுண்டர் வேறொருத்திக்குப் போய்விட்டது.

அதைக்கூட விட்டுவிடுவேன். மறுநாள் அலமாரியைத் துடைத்தபோது தங்க மூடிக் குட்டி பாட்டில் ஒன்று கிடந்தது. உங்களுக்கென்று எடுத்துவைத்த நிஜச் சரக்கு, இன்னும் உடைக்காமலே இருக்கிறது. அப்போதுதான் புரிந்தது, உங்களுக்கு நான் அவசரத்தில் அனுப்பியது காட்சிக்கு வைக்கிற பொம்மைப் பாட்டில். அதில் இருந்தது சாயத் தண்ணீர். அது என் தப்பு. வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லையே? ஆனால் சாயத் தண்ணீருக்கு நீங்கள் முப்பது வருஷப் பீப்பாய் என்று எழுதினீர்கள்.

குடிக்காமலே எழுதினீர்களா? குடித்தும் தெரியவில்லையா? சுற்றிவளைக்காமல் எழுதுங்கள்.


மே 3

முந்திரிக்கொட்டையே,

சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிட்டது. மூடியைத் திருகியதுமே எனக்குத் தெரியாதா அது சாயத் தண்ணீர் என்று? என் மருமகள் கண்டுபிடிக்கிறாளா பார்ப்போம் என்று விளையாடினேன். ரோஜாவும் அந்தப் புகைக்குப் பின்னால் பதுங்கி இருக்கிறது, அந்த அம்மாவின் மூக்கு அவ்வளவு தூரம் போகாது.

காய்ச்சலுக்கு அப்புறம் நாக்கு கொஞ்சம் ஓய்வு கேட்கிறது. மூக்கும் கூடவே போய்ப் படுத்துக்கொண்டது, ஒற்றுமையான பிள்ளைகள். போன வாரம் பாரு, காப்பியில் சீனி என்று சலவைத்தூளைப் போட்டுக் கலக்கிப் பாதி குடித்துவிட்டேன். நுரையைப் பார்த்து இயந்திரக்காரப் பையன் ஓடிவந்து பிடுங்கினான். ஒரே கூத்து! பாரிலும் அப்படித்தான், புளித்துப்போன ஒயினை மோந்து பார்த்து "பிரமாதம்" என்று ஊற்றினேன், ஒரு மேசையே எழுந்து போய்விட்டது. அதற்கு மறுநாள்தான் பதவி உயர்வு.

கவுண்டர் போய்விட்டது என்று எழுதியிருக்கிறாய். அதற்குப் பதில் எழுத வந்தேன், பேனா நின்றுவிட்டது. மை தீர்ந்துவிட்டது போலிருக்கிறது. வேறு பேனா வாங்கிவந்து எழுதுகிறேன்.

இனி என்னிடம் ருசி கேட்க ஒன்றுமில்லை. கேட்க ஒன்றுமில்லாத ஆளுக்கு மெனக்கெட்டு எழுத வேண்டாம். ஆனால் மான்கொம்பும் சதுர பாட்டிலும் நிஜம். அவற்றை முன்பே பாரில், நாக்கு உயிரோடு இருந்தபோது குடித்திருக்கிறேன். பீரோ வாசம் சத்தியமாக நிஜம்.

மாமா


மே 18

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மாவிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "சலவைத்தூளா? அத மொதல்லயே சொல்றதுக்கென்ன அவனுக்கு!" என்று கத்தினாள். அப்புறம் அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. வந்து, "மூக்குக்கு நல்ல டாக்டராப் பாக்கச் சொல்லு" என்றாள்.

நான் இன்னொன்றும் கேட்டேன். இந்த வேலையில் சேரும்போது வாயில் வைக்க மாட்டேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன் அல்லவா. நெடுநேரம் முறைத்துவிட்டு, "அவனுக்காகன்னா ஒரு சொட்டு. ஒரே சொட்டு" என்றாள். பக்கத்திலேயே தண்ணீர்ச் செம்போடு நின்றாள்.

கருப்பு மெழுகு பாட்டில் ஒன்று இத்துடன் வருகிறது. ஊற்றி வைத்துக்கொண்டு இதற்குமேல் படியுங்கள்.

முதலில் சுட்டது. ஊசி மாதிரி இல்லை, சூடான கரண்டியை நக்கின மாதிரி. அப்புறம் மழையில் நனைந்த கரி. அம்மா இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் உங்கள் கல்யாணச் சட்டையை மறந்துவிட்டாளே, அந்தக் கருகல். எல்லாம் போனபிறகு உதட்டில் லேசாக உப்பு. ரோஜா எங்கேயும் இல்லை மாமா. தேடிப் பார்த்தேன்.

நல்லா இருந்தது.

உங்கள் முந்திரிக்கொட்டை


மே 26

என் அருமை மருமகளே,

குளித்து, சட்டை மாற்றி, கட்டிலில் உட்கார்ந்தேன். பாட்டிலைத் தரையில் வைத்துவிட்டு நாற்காலியில் உன் கடிதத்தை வைத்தேன். ஒரு வரி, ஒரு வாய். கரண்டி என்றாய், சுட்டது. கரி என்ற இடத்தில் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் தரம் படித்தேன், அப்போதும் வரவில்லை. ஆனால் சட்டை வந்தது. அந்தச் சட்டையோடு உன் அத்தையும் வந்தாள், முதுகில் ஓட்டை என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாளே அன்றைக்கு, அதே சிரிப்பு. அவள் போனபிறகு என் அறையில் யாரும் அப்படிச் சிரித்ததில்லை. உப்பு வரைக்கும் போகவில்லை, பாதியிலேயே கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

எழுத்தில் ஒரு குறை. "நல்லா இருந்தது" என்று எழுதக் கூடாது. அது ருசி இல்லை, மரியாதை.

காவலாளிக்குப் படித்துக் காட்டினேன். "உங்க மருமக பெரிய குடிகாரியா இருப்பாங்க போல" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த அம்மா மறுபடி வரும்போது இதையே சொல், கவுண்டரைத் தானாகத் தூக்கிக் கொடுப்பாள். டாக்டரையும் பார்க்கிறேன், உன் அம்மா இனி கத்த வேண்டாம்.

விலை ஏறிய சரக்கையெல்லாம் இனி எனக்கு அனுப்பி வீணாக்காதே. சாயத் தண்ணீரே அனுப்பு, எனக்கு இரண்டும் ஒன்றுதான். கடிதத்தில் மட்டும் தண்ணீர் கலக்காதே.

உன் தாய்மாமன்