கிளிக்குஞ்சும் அப்பாவின்ரை ஓமும்

குருநகர்,
யாழ்ப்பாணம்.
14.06.2025

மாதாவே துணை.

அன்புள்ள மகன் றஜிந்தனுக்கு அம்மா எழுதுறது,

உங்கை உன்ரை உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு நித்திரை கொண்டு இருக்கிறாய் எண்டு நம்பிக்கொண்டு எழுதுறன். நாங்களும் இஞ்சை சுகம் எண்டு எழுதுறதுதான் முறை, நீ போன எட்டு வருசமும் அப்பிடித்தான் எழுதினனான், இந்தமுறை பேனையைப் பிடிச்சுக்கொண்டு கனநேரம் இருந்தும் அந்த வரியை முழுசா எழுத மனம் வரேல்லை. மூண்டு கிழமையா நீ போன் எடுக்கிறாய் இல்லை, நான் எடுத்தாலும் தூக்கிறாய் இல்லை, அனுப்பின வொயிஸ் ஒண்டையும் நீ கேக்கேல்லை எண்டு பக்கத்து வீட்டு எமில்ராஜ் பாத்துச் சொன்னவன். அவன்ரை பெண்சாதியின்ரை தமக்கை வாற புதன் பாரிசுக்குத் திரும்புறா, அவவின்ரை கையிலை இதைக் குடுத்துவிடுறன். ராசா, கடைசி வரைக்கும் வாசி, இடையிலை மடிச்சு வைச்சிடாதை.

அண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை நீ அப்பாவிட்டைக் கேட்டாய், அப்பா உங்களுக்கு இன்னும் என்னிலை கோவமோ எண்டு. அவர் ஓம் எண்டார். நீ உடனை போனை வைச்சிட்டாய். மகன், அது உன்ரை கேள்விக்குச் சொன்ன மறுமொழி இல்லை. அப்பாக்கு இப்ப அந்த ஒரு சொல்லைத் தவிர வேறை சொல்லு வராது. தை மாதம் மூண்டாம் கிழமை, விடிய சந்தைக்குப் போக வெளிக்கிட்டு சேட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு நிண்டவர் அப்பிடியே கதிரையிலை இருந்திட்டார், வாய் ஒரு பக்கம் இழுத்துப் போச்சு, வலக்கை தொங்கிப் போச்சு. எமில்ராஜ் தன்ரை ஓட்டோவிலை தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவன். பாரிசவாதம் எண்டு சொல்லிச்சினம், மூளையிலை கதைக்கிற பக்கத்திலைதான் அடைப்பு எண்டு சொல்லிச்சினம். கால் ஓரளவு திரும்பி வந்திட்டுது, கை பாதி வந்திட்டுது, சொல்லு மட்டும் வரேல்லை. நாங்கள் கதைக்கிறது அவருக்கு விளங்குது, கெதியாக் கதைச்சால்தான் தவறிப் போகுது. ஆனா சாப்பிட்டீங்களோ எண்டாலும் ஓம், பசிக்கேல்லையோ எண்டாலும் ஓம், வேண்டாம் எண்டு நினைச்சாலும் வாயிலை வாறது ஓம்தான், அது பிழை எண்டு அவருக்கே தெரியும், தெரிஞ்சு இடக்கையாலை நெத்தியிலை அடிச்சுக்கொள்ளுவார். முப்பது வருசம் சந்தையிலை நிண்டு மீனை ஏலம் கூறி வித்த மனுசன், யாகோப்பு கூறினால் பாசையூருக்குக் கேக்கும் எண்டு சனம் பகிடி பண்ணும், உனக்குத் தெரியாததே.

உனக்குச் சொல்லாமல் விட்டது நான்தான், வேறை ஒருத்தரும் இல்லை. உன்ரை அகதி வழக்கு முடியேல்லை, இப்ப வெளிக்கிட்டால் திரும்ப உள்ளுக்கை விடமாட்டாங்கள் எண்டு நீ சொன்னனீ. நீ கேட்டால் அடுத்த பிளேனிலை நிப்பாய் எண்டு எனக்குப் பயம். அதாலை அப்பா குளிக்கிறார், அப்பா கோயிலுக்குப் போட்டார் எண்டு ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பொய் சொன்னன், பூசை கண்டுவந்த வாயாலையே சொன்னன். சமாளிக்கேலாத நாளிலை போனை அவரிட்டைக் குடுப்பன், நீ கேக்கிறதுக்கு அவர் ஓம் எண்டுவார், நான் உடனை வாங்கிப்போடுவன். பேந்து மாசியிலை நீ சொன்னாய், அப்பா சந்தையையும் விட்டிட்டு வீட்டிலை சும்மா இருக்கிறார் போலை, ஒரு கிளிக்குஞ்சு வாங்கிக் குடுங்கோ அம்மா, இருந்து கதைக்கப் பழக்கட்டும், நல்லாப் பொழுது போகும் எண்டு. உன்னோடை அறையிலை இருக்கிற பொடியன் கிளி வளக்கிறவன் எண்டு, வளக்கிறவையிட்டை என்னென்ன கேக்கவேணும் எண்டெல்லாம் அவனைக் கேட்டு எனக்கு எழுதியும் அனுப்பினாய். நீ நல்லதுக்குத்தான் சொன்னனீ. நான் போனை வைச்சிட்டுக் குசினிக்குள்ளை போய் அழுதன். ஆனா அப்பா உன்ரை சொல்லைக் கேட்டுக்கொண்டு இருந்தவர், அடுத்தநாள் விடிய முகம் கழுவி, செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலிலை நிண்டார்.

முதல் குஞ்சைப் பற்றி உனக்கு நான் சொல்லவே இல்லை. எமில்ராஜ், சாவகச்சேரியிலை ஒருத்தன் பனைப் பொந்துக்குள்ளை இருந்து பச்சைக்கிளிக் குஞ்சு எடுத்துத் தருவான் எண்டான். அது சட்டத்துக்கும் பிழை, தாய்க்கிளி வந்து பொந்தைப் பாக்கும் எண்டு நான் மாட்டன் எண்டிட்டன். பேந்து திருநெல்வேலிப் பக்கம் ஒரு ஆள் வெளிநாட்டு இனக் குஞ்சு வித்தான், காட்போட் பெட்டியிலை மரத்தூள் போட்டு, செட்டை முளைக்காத குஞ்சு, தோலுக்குள்ளாலை ரத்தம் தெரியுது. நீ எழுதின கேள்வி முழுக்க என்ரை போனிலை கிடக்கு, ஆனா அப்பாவை ஒரு கையிலை பிடிச்சுக்கொண்டு வெயிலுக்கை நிண்டு அதை எடுத்து வாசிக்க எனக்கு வெக்கமாக் கிடந்துது. எத்தினை நாள் குஞ்சு எண்டு கேக்கேல்லை, தானாச் சாப்பிடுமோ எண்டு கேக்கேல்லை, தாய் தேப்பனைக் காட்டு எண்டு கேக்கேல்லை. அவன் தானாவே சொன்னான், கையாலை தீத்தினால்தான் பாசம் வைக்கும் எண்டு, ஒரு சிரிஞ்சும் ஒரு பை மாவும் தந்தான். நாங்கள் நம்பி வந்திட்டம். நான் மாவைக் கரைப்பன், அப்பா இடக்கையிலை குஞ்சை வைச்சிருப்பார், நான் தீத்துவன். சூடு எவ்வளவு இருக்கவேணும் எண்டு எங்களுக்குத் தெரியாது. நாலாம் நாள் கழுத்துக்குக் கீழை இருக்கிற இரைப்பை இறங்காமல் கல்லுமாதிரி நிண்டுது, வாயிலை புளிச்ச மணம் வந்துது. அந்த ஆளுக்குப் போன் எடுத்தால் நம்பர் வேலை செய்யேல்லை. ஆறாம் நாள் மத்தியானம் அப்பாவின்ரை உள்ளங்கையிலேயே அது செத்துப் போச்சு. அவர் அதைப் பாத்து ஓம், ஓம், ஓம் எண்டு சொல்லிக்கொண்டே இருந்தார், நான் அதை வாங்கப் போனால் தரேல்லை. மகன், உனக்கு முன்னம் எனக்குப் பிறந்து மூண்டு நாளிலை போன பிள்ளையை நீ கேள்விப்பட்டிருப்பாய், அண்டைக்கும் அவர் இப்பிடித்தான் வைச்சுக்கொண்டு இருந்தவர்.

பேந்து ஒரு மாதம் அவர் வாசல் பக்கமே வரேல்லை, பேச்சுப் பயிற்சி குடுக்கிற பிள்ளை வந்தால் சுவரைப் பாத்துக்கொண்டு படுத்திடுவார். நான்தான் விசாரிச்சுப் பிடிச்சன், சண்டிலிப்பாயிலை நிவேதனா எண்டு ஒரு பிள்ளை, முப்பது வயசு இருக்கும், மாட்டு வைத்தியரின்ரை கந்தோரிலை வேலை, வீட்டிலை நாலைஞ்சு சோடி கிளி வைச்சு வளக்கிறா எண்டு. சித்திரையிலை அப்பாவை ஒருமாதிரி ஓட்டோவிலை ஏத்திக்கொண்டு போனன். இந்தமுறை வெக்கப்படேல்லை, கண்ணாடியைப் போட்டு, போனைக் கையிலை வைச்சு நீ எழுதின ஒழுங்கிலேயே கேட்டன். எண்டைக்குப் பொரிச்சது, தாய் தேப்பன் எங்கை, என்ன சாப்பிடுது, தானாச் சாப்பிடத் தொடங்கி எவ்வளவு நாள், நிறை பாக்கிறனீங்களோ, கூட்டிலை வேறை ஏதும் வருத்தக்காரக் கிளி இருக்கோ, எங்களுக்கு ஏலாமல் போனால் திருப்பி எடுப்பீங்களோ. அந்தப் பிள்ளை ஒண்டுக்கும் முகம் சுழிக்கேல்லை. ஒரு கொப்பியைக் கொண்டுவந்து ஒவ்வொரு குஞ்சின்ரை நிறையும் நாள் நாளா எழுதினதைக் காட்டினா, காலிலை போட்ட வளையத்தைக் காட்டினா, மூக்கு ஈரமில்லாமல் இருக்கோ, பின்பக்கம் துப்பரவா இருக்கோ, நெஞ்செலும்பு கத்திமாதிரித் துருத்துதோ எண்டு என்ரை விரலை வைச்சுப் பாக்கச் சொன்னா. இது கொன்யூர் எண்டு ஒரு சின்ன இனம் அம்மா, பெரிசாக் கதைக்காது, கதைக்கிற கிளிதான் வேணும் எண்டால் எடுக்காதேங்கோ எண்டும் சொன்னா.

பேந்து அவ எங்களைக் கேக்கத் தொடங்கினா, அதை நான் எதிர்பாக்கேல்லை. அப்பாவைப் பாத்து, ஐயா நீங்கள்தான் பாக்கப் போறீங்களோ எண்டா, ஓம் எண்டார். நாள் முழுக்கக் கூட்டுக்கை பூட்டி வைக்கமாட்டீங்கள் தானே எண்டா, ஓம். பூட்டித்தான் வைப்பீங்களோ எண்டு திருப்பிக் கேட்டா, அதுக்கும் ஓம். ஆருக்கும் விக்கிற யோசினையோ எண்டா, ஓம். அந்தப் பிள்ளையின்ரை முகம் மாறிப்போச்சு, குஞ்சுப் பெட்டியை மூடிப்போட்டு, குறை நினையாதேங்கோ அம்மா என்னாலை தரேலாது எண்டா. அப்பா எழும்பிக் காலை இழுத்து இழுத்துப் படலையடிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டார். அப்பதான் அவருக்கு வாயிலை வாறது அந்த ஒரு சொல்லுத்தான் எண்டு நான் சொன்னன், ஐஞ்சாறு பேருக்கு மேலை ஒருத்தருக்கும் சொல்லாததை அந்த முன்பின் தெரியாத பிள்ளைக்குச் சொன்னன். அவ குஞ்சுப் பெட்டியைத் திரும்பத் திறந்தா. பேந்து போய் அவரைக் கையிலை பிடிச்சுக் கூட்டிவந்து இருத்தி, மூண்டு குஞ்சிலை இரண்டை எடுத்து மேசையிலை அங்கால் ஒண்டும் இங்கால் ஒண்டுமா விட்டா. ஒரு கேள்வியும் கேக்கேல்லை, கையைக் காட்டினா, அவ்வளவுதான். அப்பா இரண்டையும் பாத்தார். ஒண்டு துருதுரு எண்டு ஓடிவந்து அவரின்ரை சேட்டுப் பொத்தானைக் கொத்துது, மற்றது ஆரையும் பாக்காமல் அவிச்ச சோளத்தைத் தின்னுது. அவர் தின்னுறதைத் தொட்டார். அவ பேந்து இடம் மாத்தி வைச்சுப் பாத்தா, அவர் திரும்பவும் அதையே தொட்டார். மூண்டு மாதத்துக்குப் பிறகு அண்டைக்குத்தான் அவர் தான் நினைச்சதைச் சொன்னவர். நான் முகம் கழுவக் கிணத்தடிக்குப் போய், கழுவ முடியாமல் அங்கையே நிண்டன்.

அண்டைக்கே தரேல்லை. தானாச் சாப்பிட்டு இரண்டு கிழமை நிறை குறையாமல் நிக்கவேணும், அதுவரைக்கும் வந்து வந்து பாருங்கோ எண்டு சொல்லிப்போட்டா. ஒவ்வொரு சனியும் போனம். வைகாசி நடுவிலை வீட்டை கொண்டுவந்தம். பச்சை உடம்பு, சாம்பல் தலை, வால் கருஞ்சிவப்பு. பேர் வைக்கேல்லை, அப்பா கூப்பிடேலாத ஒரு பேரை நான் மட்டும் கூப்பிடுறது சரியாப் படேல்லை. அவர் நாக்காலை ஒரு சத்தம் போடுவார், அது தோளிலை வந்து இருக்கும். அது வந்த இரண்டாம் ஞாயிறுதான் நீ அந்தக் கேள்வியைக் கேட்டனீ. நீ போனை வைச்ச பிறகு அவர் என்ரை கையிலை இருந்து அதைப் பறிச்சு, காதிலை வைச்சு, ஓம் எண்டார், தலையை இல்லை எண்டு ஆட்ட நினைச்சார், அதுவும் மாறித்தான் ஆடிச்சுது. பேந்து போனைக் கட்டிலிலை போட்டிட்டு வாயைக் கையாலை பொத்திக்கொண்டார். இரண்டு நாள் சோறு இறங்கேல்லை.

அதுக்குப் பிறகு நானும் நிவேதனா செய்தமாதிரிச் செய்யப் பழகினன். கேக்கிறதில்லை, இரண்டு சாமானை முன்னாலை வைப்பன். பாணோ இடியப்பமோ, சாரமோ களிசானோ, அவர் தொடுவார், பிழைக்கிறதில்லை. போன வியாழன் உன்ரை படத்தை எடுத்து மேசையிலை வைச்சு, ஒரு பக்கம் இந்தக் கடிதக் கொப்பியையும் மற்றப்பக்கம் லாச்சித் திறப்பையும் வைச்சன். எழுதட்டோ, இல்லாட்டி இதைப் பூட்டியே வைக்கட்டோ எண்டு ஆறுதலாச் சொன்னன். அவர் கொப்பியிலை கையை வைச்சார். வைச்ச கையை எடுக்கேல்லை. அவர் சொல்லித்தான் எழுதுறன் மகன்.

அவருக்கு உன்னிலை கோவம் இல்லை, நீ போன அண்டைக்குக் கோவிச்சவர்தான், அது ஒரு வருசம்கூட நிக்கேல்லை, உனக்குச் சொல்லத்தான் ஆம்பிளைக்கு வாய் வரேல்லை, வந்திருக்கும், இப்ப வாயே இல்லாமல் போச்சு. இது கிடைச்சு வாற ஞாயிறு போன் எடு, படம் தெரியிற மாதிரி எடு. அவரிட்டை ஒண்டும் கேளாதை, உன்ரை வேலை, உன்ரை சமையல், உங்கத்தை மழை, எல்லாத்தையும் நீ சொல்லு, அவர் கேட்டுக்கொண்டு இருப்பார். வழக்கை இடையிலை விட்டிடாதை, சட்டத்தரணி சொல்லுறதைக் கேள். என்ரை பொய்யை மன்னிச்சுக்கொள், உனக்கு வந்த கோவத்தை என்னிலை காட்டு, அவரிலை காட்டாதை. மாதா உன்னைத் தன்ரை கைக்குள்ளை வைச்சிருப்பா, அப்பாவின்ரை இடக்கை ஆசீர்வாதமும் என்ரை ஆசீர்வாதமும் உனக்கு எப்பவும் இருக்கும்.

இன்னும் ஒண்டை எழுதாமல் விட்டால் திரும்பவும் ஒளிச்சமாதிரிப் போகும். நீ வாறதோ, வராமல் இருக்கிறதோ எண்டு, அதை மட்டும் நான் அவருக்கு முன்னாலை வைச்சுப் பாக்கேல்லை. அவர் எதைத் தொடுவார் எண்டு எனக்குத் தெரியும்.

உன்ரை அம்மா,
யா. பெர்னடெட்