காய்ச்சல் என்று சொல்லி அழைத்து வந்தோம்

மே 11, திங்கள்

கத்திரி வெயில். காலை ஒன்பதுக்கே சமையலறைச் சுவர் சுடுகிறது. ஊரடங்கில் மையம் மூடி ஏழு வாரம். வீட்டில் அடிபடும் பெண்களுக்கு ஆலோசனை சொல்ல இருந்த ஒரே அறை. இப்போது இந்தச் சமையலறையும் என் போனும்தான் மையம்.

முதல் இரண்டு வாரம் போன் ஓயவில்லை. அப்புறம் அடங்கிவிட்டது. வீடியோ மீட்டிங்கில் மையத்தை நடத்தும் மேடம், அழைப்புகள் குறைந்தது நல்ல செய்தி என்றார். எப்படி நல்ல செய்தி? புருஷன் நாள் முழுக்க பக்கத்திலேயே இருந்தால் எவள் பேசுவாள்? சொல்ல வாயெடுத்தேன். மைக் ம்யூட்டில். விட்டுவிட்டேன்.

வாங்க: பால், சோப்பு, மாமனாருக்கு பி.பி. மாத்திரை.

க.விடமிருந்து பதினெட்டு நாளாகப் பேச்சில்லை. (பெயர் எழுத மாட்டேன். இவர் இந்த நோட்டைத் தொடமாட்டார், இருந்தாலும்.) உப்பளத்தில் கூலி வேலை. நாலு வயதில் ஒரு பெண். புருஷன் லோடு வண்டி டிரைவர். மார்ச்சிலிருந்து வண்டி ஓடவில்லை, ஆள் வீட்டில்தான்.

மே 13, புதன்

காலை ஆறேகாலுக்குப் புது நம்பர். க.தான். உப்பளத்தில் மறுபடி வேலை ஆரம்பித்துவிட்டதாம். கூட உப்பு வாரும் பெண்ணின் போன். இவள் போனை அவன் உடைத்துவிட்டான். குரலில் அழுகை இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நேத்து பாப்பா மேலயும் கை வெச்சிட்டான்க்கா. என்ன அடிச்சா தாங்கிக்குவேன். எப்படியாவது எங்கள வெளிய கொண்டாந்துடுங்க."

குழந்தையை அவனிடம் விட்டுவிட்டுத்தான் வேலைக்கு வருகிறாள். அங்கிருந்து அப்படியே கிளம்பிவிடவும் முடியாது.

இப்படி வரும் பெண்களைத் தங்கவைக்கும் விடுதிக்குப் பேசினேன். கொரோனா இல்லை என்று ரிசல்ட் இருந்தால்தான் சேர்ப்பார்களாம். குறை சொல்ல மனம் வரவில்லை. உள்ளே கைக்குழந்தைகள்.

மே 14, வியாழன்

அமுதாவுடன் பேச்சு. கிராம நர்ஸ். தினமும் வீடு வீடாகக் காய்ச்சல் பார்க்கப் போகிறாள். அவளுக்குத் திறக்காத கதவு இல்லை. யோசனையும் அவளுடையதே: காய்ச்சல் என்று சொல்லி இருவரையும் டெஸ்டுக்குக் கூட்டி வந்துவிடுவது. வேலைக்கு ஆபத்து வந்தால் என்று கேட்டேன்.

"போனா போவுது. டெஸ்டு எடுக்கத்தானே கூட்டிட்டுப் போறோம், அது நெசம்தானே?"

உப்பளத்துப் பெண் மூலம் க.வுக்குத் தகவல். சாம்பாரில் உப்பு இரண்டு முறை.

மே 15, வெள்ளி

நடந்துவிட்டது. பதினோரு மணி. நான் தெருமுனையில் ஆட்டோவில். அமுதா நெற்றிக்கு நேரே மெஷினைக் காட்டி, பார்த்து, உதட்டைப் பிதுக்கினாளாம். அவன் உடனே வாசலை விட்டு இறங்கி எதிர்ப்பக்கம் போய் நின்றுவிட்டான். கூட்டிட்டுப் போங்க சிஸ்டர், எனக்கு ஒண்ணும் இல்ல என்றானாம். க. ஒரே ஒரு பையோடு வந்தாள். பாப்பாவின் கன்னத்தில் விரல் பதிந்த தடம்.

ஆஸ்பத்திரியில் டெஸ்ட். அங்கிருந்து அவள் அம்மா ஊர். எங்களுக்கு முன்னால் செய்தி போய்விட்டிருந்தது. ஊர் எல்லையில் சவுக்குக் கட்டை போட்டு மறித்திருந்தார்கள். அந்தப் பக்கம் அண்ணன். அவன் பின்னால் அம்மா, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு. காய்ச்சலே இல்லை என்று எத்தனை முறை சொல்லியும் கேட்கவில்லை. ரிசல்ட் வரட்டும், ஊரில் பேசுகிறார்கள் என்றான். நாங்கள் சொன்ன பொய். எங்களாலேயே அழிக்க முடியவில்லை.

க. திரும்பி ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். அம்மா மட்டும் ஏதோ சொன்னாள், கேட்கவில்லை.

மையத்தின் பூட்டைத் திறந்தேன். மேடத்திடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். பாய் 2, குடம், கரண்ட் அடுப்பு, பிஸ்கட்.

மே 17, ஞாயிறு

மேடம் போனில் திட்டினார். பத்து நிமிடம். திட்டி முடித்துவிட்டு, அரிசி இருக்கிறதா என்று கேட்டார்.

இவர் என் தட்டை மட்டும் தனியாக எடுத்து வைத்தார். கோபம் வந்தது. பிறகு மாமனாரைப் பார்த்தேன், போய்விட்டது.

க.வின் புருஷன் அமுதாவுக்குப் போன் மேல் போன். பெண்டாட்டி எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. தனக்கு ஒட்டியிருக்குமா என்று.

மே 18, திங்கள்

மேகமூட்டம், மழை இல்லை. ரிசல்ட் வந்துவிட்டது. இருவருக்கும் இல்லை. விடுதியில் இடம், நாளைக் காலை வண்டி.

மத்தியானம் அண்ணன் கூப்பிட்டான், இப்போது வரலாமாம். என்ன பதில் சொல்ல என்று க.வைக் கேட்டேன். போனை வாங்கிக்கொண்டாள்.

"நல்லா இருக்கோம்ணா. அம்மாவ பாத்துக்கோ. நாங்க வரல."

போனைத் துடைத்துக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் பாப்பாவுக்குத் தலைவாரினாள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"போலீசுக்கு எழுதிக் குடுக்கணும்னா மொதல்ல இருந்து சொல்லணுமாக்கா? கல்யாணம் ஆன வருசத்துல இருந்தா?"

ஆமாம் என்றேன். பேப்பர் தேடி எடுத்தேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். மூன்றாவது வருடத்துக்கு வந்தபோது விரல் வலித்தது. உதறிக்கொண்டு மறுபடி எழுதினேன்.