நாலு மணி மீன்

பாலத்தடித் தெரு,
டிசம்பர் 12.

அன்புள்ள லிபுஷே அக்காவுக்கு,

ஜித்கா எழுதுவது. நானும் என் கணவர் ஓல்தாவும் சுகம். ஒஸ்திராவாவில் உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? பனியைத் தள்ளுகிறேன் என்று அத்தானைக் கூரைமேல் ஏற விடாதே.

போனில் பேசினால் ஓல்தா பக்கத்திலேயே நிற்கிறார். குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த வீட்டில் ஜன்னல் இல்லாத அறை இது ஒன்றுதான்.

கோடையில் வந்தபோது நீயே பார்த்தாய். பழைய ஊர்க்காரர்கள் எல்லாரும் வீடுகளை விடுதிகளுக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். ஆளில்லாத ஊரை யார் பார்க்க வருவார்கள் என்று சுற்றுலாச் சங்கத்தார் எங்களைக் கொண்டுவந்து குடிவைத்தார்கள். வாடகை கிடையாது. பகலில் திரையை மூடக் கூடாது, துணியைத் தெருவில் காயப்போட வேண்டும், ஜன்னலோரம் சமைக்க வேண்டும், அவ்வளவுதான். "சும்மா வாழுங்க, போதும்" என்றாள் சங்கத்து ரெனாட்டா. ஓல்தாவுக்கு ஆலை வேலை போயிருந்த நேரம். நானும் தலையாட்டினேன்.

சும்மா வாழ்வது எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது. சண்டை போட்டால்கூடப் பல்லைக் காட்டிக்கொண்டே போடுகிறோம். அம்மாவின் நினைவுநாளில் அழுதேன். பிராகிலிருந்து வந்த ஒருவர் கண்ணாடியில் மூக்கை வைத்துப் படமெடுத்தார். கோட்டை அகழியில் வேடிக்கை காட்ட வளர்க்கிற கரடிகள் எவ்வளவோ தேவலை. அவை குகைக்குள் போய்விட்டால் 'கரடி தூங்குகிறது' என்று பலகை மாட்டுகிறார்கள். எனக்கு அந்தப் பலகை கிடையாது.

ஓல்தாவோ ஆளே மாறிவிட்டார். அங்கே நம் ஊரில் வெந்நீர்கூட வைக்கத் தெரியாதவர், இங்கே ஜன்னலில் நின்று மாவுருண்டை பிடிக்கிறார். தெருவில் கைதட்டுகிறார்கள். இந்த வயதில் கிடைத்த கைதட்டலை மனிதர் விடுவாரா?

போன வாரம் சதுக்கத்தில் மீன்காரர்கள் தொட்டி வைத்ததும், கிறிஸ்துமஸ் விருந்துக்கு உயிர்க் கெண்டை மீன் வாங்கி வந்தார். நம் வீட்டு வழக்கப்படி, சமைக்கிற நாள்வரை குளியல் தொட்டியில் விடலாம் என்றேன். ரெனாட்டா கண்ணாடித் தொட்டி கொண்டுவந்து அதையும் ஜன்னலில் வைத்துவிட்டாள். நாளெல்லாம் வெளியே நின்று கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். அது மூலைக்கு மூலை திரும்பித் திரும்பி முட்டியது. என்னால் பொறுக்க முடியவில்லை. வாளியில் அள்ளிக்கொண்டு, வீட்டுச் செருப்போடு படித்துறைக்கு ஓடி, ஆற்றில் விட்டுவிட்டு அழுதேன். பின்னாலிருந்து கைதட்டினார்கள், அக்கா.

மறுநாள் ரெனாட்டா இன்னொரு கெண்டையோடு வந்தாள். "அருமைங்க ஜித்கா! தினம் நாலு மணிக்கு இதைச் செஞ்சிடுங்க. அந்த அழுகையை மட்டும் விட்டுடாதீங்க" என்றாள். 'நாலு மணி மீன்' என்று வாசலில் பலகையும் தொங்குகிறது. தினமும் ஒரு மீன் விடுகிறேன். அழுகைதான் வரமாட்டேன் என்கிறது.

"குளத்துல வளந்ததுடி. இந்தக் குளிர்ல ஆத்துல ஒரு நாள் தாங்காது. இதுக்குப் போய் அன்னிக்கு அழுதியே!" என்று ஓல்தா சிரிக்கிறார். அந்த ஒரு நாள் போதும் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. இன்னும் மூன்று வருடத்துக்கு அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். என் கையெழுத்துதான் பாக்கி. "குடும்பமாத்தான் கேக்குறாங்க. நீ இல்லாட்டி என்னையும் அனுப்பிடுவாங்க" என்கிறார். ஊருக்கே போய்விடலாம் என்று கெஞ்சினேன். "ஒஸ்திராவாவுல என்னை யாருடி பாப்பாங்க?" என்று கேட்டார். நான் பார்ப்பேனே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கெட்டவர் இல்லை. ஆனால் பெட்டியைத் தூக்கினால் வாசலில் நின்று சிரித்தபடியே என் கையைப் பிடித்துக்கொள்வார். அத்தனை பேர் முன்னால் நான் உதற மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். வாளியைத் தூக்கினால்தான் வழிவிடுகிறார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு அத்தானைக் காரோடு கூட்டிக்கொண்டு வா. வீட்டுக்கு வர வேண்டாம். காரை மரப்பாலத்துக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, நீ மட்டும் நாலு மணிக்குப் படித்துறைக் கூட்டத்தில் வந்து நில். வீட்டுச் செருப்போடுதான் வருவேன், கம்பளிக் காலுறை ஒரு ஜோடி எடுத்து வா.

கடவுள் உன்னையும் அத்தானையும் நல்லபடியாக வைக்கட்டும். ரோடெல்லாம் பனி, மெதுவாக வாருங்கள். வராமல் மட்டும் இருந்துவிடாதே. நான் மீனை விட்டதும் எல்லாரும் கைதட்டுவார்கள். நீ தட்டாதே, அக்கா. தட்டாமல் நிற்கிறவளைப் பார்த்து நான் நடந்து வந்துவிடுகிறேன்.

உன் தங்கை,
ஜித்கா