மூழ்கிய மூன்று விதைகள்

என்னங்க,

தூங்கட்டும் என்று உங்களை எழுப்பவில்லை. சோறும் குழம்பும் அடுப்படியில் மூடியிருக்கின்றன.

நீங்கள் மொட்டைமாடியில் காயப்போட்ட விதைகளைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். உயிருள்ளது மூழ்கும், செத்தது மிதக்கும். மூன்றைத் தவிர எல்லாம் மிதந்தன.

"விதைன்னா காயணும்னு நினைச்சேன்டி. உனக்கு ஒரு வேலை மிச்சமாகட்டும்னுதான்" என்றீர்கள். மற்ற விதைகளுக்கு அது சரி. இந்த ஓக் இனத்து விதை ஈரம் போனால் செத்துவிடும். காட்டில் எங்கள் நாற்றுப் பண்ணைக்காரர்கள் கண்டுபிடித்திருந்த ஒரே மரமும் புயலில் சாய்ந்துவிட்டது. அந்தப் பதற்றத்தில் நேற்று உங்களிடம் கத்திவிட்டேன். உதவ வந்த கையைத் தட்டிவிட்டேன். கடவுள் மன்னிக்கட்டும், நீங்களும்.

விழுந்த மரத்தடியில் சருகைக் கிளறிப் பார்க்கப் போகிறேன். பன்றிகள் மிச்சம் வைத்திருந்தால் உண்டு. இல்லாவிட்டால் அந்த மூன்றோடு இந்த மரத்தின் கதை முடிந்தது. அவற்றை ஈரத்துணியில் சுற்றிக் குளியலறை அலமாரியில் வைத்திருக்கிறேன். துணி காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எலி வரும், கதவைச் சாத்துங்கள்.

நாற்றுப் பண்ணையிலிருந்து கேட்டால் நான் வந்து சொல்வேன் என்று மட்டும் சொல்லுங்கள். உங்களைக் காட்டிக்கொடுக்க மாட்டேன்.

வாசல்வரை போய்த் திரும்பி வந்து இதையும் எழுதுகிறேன். விதையும் சருகும் ஒரே நிறம், என் ஒருத்தி கண்ணுக்கு அகப்படாது. எழுப்பலாம் என்று பக்கத்தில் வந்தேன். பேசிய பேச்சுக்கு எந்த முகத்தோடு எழுப்புவது? துணியோடு மூன்றையும் எதிர்வீட்டு டீச்சரிடம் கொடுத்துவிட்டு நீங்களும் வாருங்கள். கோபம் தீராவிட்டால் என்னோடு பேசவேண்டாம். பக்கத்தில் குனிந்து தேடினால் போதும்.