புளி போட்டுத் துலக்கிய வில்லை

எத்தனை தரம் கூப்பிட்டாலும் சலிக்காமல் “என்னடா?” என்று கேட்ட என் அப்பாவுக்கு,

துறைமுகத்துக்குள் போக நீங்கள் கழுத்தில் மாட்டியிருந்த வில்லையை நேற்று வீட்டைவிட்டு வெளியே எடுத்துப் போனேன். திட்டாதீர்கள், முழுக்கக் கேளுங்கள்.

பசுந்தாங் ஓடைப் பக்கம், முதன்முதலாகப் பர்மாவுக்குக் கப்பலேறி வந்த நம்மாட்களில் ஒரு மேஸ்திரி கட்டிய தேக்கு வீடு இருக்கிறதே, அதைச் சின்னக் காட்சிசாலையாக ஆக்கியிருக்கிறார்கள். உங்கள் பேத்தி நிலாவோடு போனேன். சுவரெல்லாம் மேஸ்திரிகள், கடை முதலாளிகள், கோயில் கட்டியவர்கள். மூட்டை சுமந்தவர் ஒருவர்கூட இல்லை. நீங்களும் அங்கே இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. உங்கள் படம் ஏது? அந்தப் பித்தளை வில்லைதான் உண்டு.

உங்கள் மகன் புத்தி உங்களுக்குத் தெரியாதா? நாலு பேர் பார்க்கப் போகிற பொருளாயிற்றே என்று, நீங்கள் இருந்தபோது ஞாயிறுதோறும் செய்ததுபோல, புளி போட்டு முகம் தெரியத் துலக்கிவிட்டேன்.

வீட்டைப் பார்த்துக்கொள்கிற செல்லம்மா அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்ன தம்பி, நேத்துக் கடையில வாங்குன மாரி மின்னுது?”

“எங்கப்பாவோடதுக்கா. அவரு கழுத்துல கெடந்தது.”

“எல்லாரும் இப்பிடித்தான் சொல்றாங்க. பழசுன்னா பச்சைக் களிம்பு பூத்திருக்க வேணாமா? உக்காருங்க, யோசிச்சுச் சொல்றேன்.”

வில்லையை என் கையில் திருப்பிக் கொடுத்தார்; எதில் உட்காருவது என்று சொல்லவில்லை. மேஸ்திரியின் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தேன். குறுக்கே கட்டியிருந்த கயிற்றை எப்போது தாண்டினேனோ! ஓடை வெளிச்சம் மச்சில் அலையலையாக ஆடியது. வீடே கட்டவிழ்ந்து மெல்ல மிதப்பதுபோல் இருந்தது. நீங்கள் ஈர லுங்கியோடு துறைமுக வாசலில் நின்றீர்கள். “வில்லை எங்கே?” என்று காவலாளி மறித்தான். நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். அது என் கையில்தான் இருந்தது. எழுந்திருக்கத்தான் முடியவில்லை. நீங்கள் கோபப்படவே இல்லை. ஏனப்பா?

“அப்பா, எந்திரிங்க! அந்த ஸ்கூல் பிள்ளைங்க உங்கள மேஸ்திரி பொம்மைன்னு போட்டோ எடுக்குறாங்க!”

நிலா தமிழில் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. என் கையிலிருந்த வில்லையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

“அக்கா, இந்த ஓட்டையப் பாருங்க. வட்டமா இல்ல, மேல இழுத்துக்கெடக்கு. தாத்தா கயிறு அறுத்து அறுத்துத் தேஞ்சது. புதுசு இப்பிடி இருக்குமா?”

இத்தனை வருடம் பளபளப்பை மட்டுமே பார்த்தவன் நான். அக்கா அந்த ஓட்டையை விரலால் தடவினார். பிறகு கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார்.

“பேரு?”

துறைமுகத்தில் உங்களைக் கூப்பிட்ட பர்மியப் பெயரை நிலா சொன்னாள். அவளுக்குத் தெரிந்தது அதுதான். “சடையாண்டி, மூட்டை சுமந்தவர்” என்றேன் நான். அக்கா இரண்டையும் அட்டையில் எழுதினார். நிலா அந்தத் தமிழ் எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். என்ன நினைத்தாளோ?

மாதாமாதம் வந்து துலக்கட்டுமா என்று கேட்டேன். “பச்சை பூக்கட்டும், விடுங்க தம்பி” என்றார் அக்கா.

விட்டுவிட்டேன் அப்பா. நீங்கள் உள்ளே போய்விட்டீர்கள். இனி எந்த வாசலிலும் மின்ன வேண்டியதில்லை. மாதம் ஒரு தரம் நிலாவைக் கூட்டிக்கொண்டு பார்க்க வருவேன். புளி எடுத்து வரமாட்டேன். நின்றபடியே பார்ப்பேன், சத்தியமாக உட்கார மாட்டேன்.

உங்கள் தூங்குமூஞ்சி மகன்,
நிலாவின் அப்பன்