அரசாங்க அச்சகத்தின் பெயர்

அன்புத் தங்கை எஃபுவாவுக்கு,

லண்டனில் நான் நலம். நம்மூர் கேப் கோஸ்ட்டில் எல்லோரும் நலம்தானே?

அச்சடித்த நம்மூர்ச் சட்டப் புத்தகம்தான் ஜெயிக்கும் என்று அன்றே சொன்னேன், பார்த்தாயா! உன் மகள் அராபாவே இறந்துபோன உன் மருமகனின் முறையான மனைவி என்று இங்குள்ள நீதிமன்றம் ஏற்றுக்கொண்டுவிட்டது.

எதிர்த்தரப்பு வக்கீல், "உங்க ஊர்ல கல்யாணச் சட்டமெல்லாம் இருக்கா? இதுதான் அந்தச் சட்டம்னு சொல்ல யாரு சாட்சி?" என்று சிரித்தார்.

"அரசாங்க அச்சகத்தோட பேரே இதுல இருக்குங்க ஐயா, தனியா சாட்சி எதுக்கு?" என்று கர்ஜித்தேன். நீதிபதி முதல் பக்கத்தைப் பார்த்துத் தலையசைத்தார். அராபா என் கையைப் பிடித்து அழுதாள்.

மிளகாய்ப் பொடி கொஞ்சம் அனுப்பு. இங்கே சாப்பாட்டுக்கு ருசியே இல்லை.

இதுவரை எல்லோருக்கும் படித்துக் காட்டு. இனி உனக்கு மட்டும்: நான் உன்னிடம் கேட்டது அந்தச் சட்டத்தைக் கையால் எழுதிய நகல்; அதில் அச்சகத்தின் பெயர் இருந்திருக்காது. அச்சுப் புத்தகத்தை அனுப்பியது உன் புத்தி. நன்றியம்மா.

அண்ணன் குவாமினா