உன் வாயால் இல்லை, தேவகி

என் தேவகிக்கு,

நீ கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகப்போகிறது. இத்தனை நாளில் உனக்கு நான் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் இதைத்தான் எழுத வேண்டியிருக்கும் என்று தெரியும். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை. காலையிலிருந்து வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். எதிர்வீட்டு பெங்காலி அம்மாள் ஜன்னல் வழியாக, "க்யா ஹுவா தாதா?" என்று கேட்டேவிட்டாள். "குச் நஹீன்", ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் இத்தாலி போய் வந்துவிட்டேன். நம் மீனாதான் கூட்டிக்கொண்டு போனாள். விசாப் படிவங்களையெல்லாம் பெங்களூரில் இருந்தபடி அவளே நிரப்பினாள். "நீங்க தொட்டா ஆறு மாசம் ஆகும்ப்பா" என்று சொல்லிவிட்டாள். போன அக்டோபரில் எட்டு நாள். நீ டி.வி.யில் பார்த்துப் பார்த்து மனப்பாடம் பண்ணி வைத்திருந்த அதே பீட்மான்ட் குன்றுகள், அதே திராட்சைத் தோட்டங்கள். காலையில் பனிமூட்டம் பள்ளத்தை நிரப்பிவிடும். மேட்டில் இருக்கிற ஊர்கள் மட்டும் தனித்தனியாகத் தெரியும்.

உன் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. முப்பது மஞ்சள் கரு போட்டு ஒரு அம்மாள் மாவு பிசைவதைக் காட்டுவார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம், "வெள்ளைக் கருவை என்னங்க பண்ணுவாங்க?" என்று கேட்பாய். விடுதிக்காரியிடம் மீனா கைபேசியில் எழுதிக் காட்டிக் கேட்டாள். அதை நுரைக்க அடித்து, தேன் விட்டு, அந்த மலையில் விளைகிற ஒரு கொட்டையைப் போட்டு மிட்டாய் செய்கிறார்களாம். பல்லில் ஒட்டுகிறது. உனக்குப் பிடித்திருக்கும், உன் கட்டுப்பல்லுக்குப் பிடித்திருக்காது.

மதியச் சாப்பாடு ஒரு மணிக்கு ஆரம்பித்தால் மூன்றரை ஆகிவிடுகிறது. எனக்கு எழுந்து எங்கேயாவது போய்விட வேண்டும் போல இருந்தது. மீனா ஒயின் வாங்கினாள். நானும் ஒரு வாய் குடித்தேன், கோபித்துக்கொள்ளாதே. திக்லிபூரில் உன் மாமா தோட்டத்துப் பச்சைப் பாக்கைக் கடித்த மாதிரி நாக்கை இழுத்துப் பிடித்தது.

கடைசி இரண்டு நாள் ஓர்ட்டா ஏரிக்கரையில் தங்கினோம். ஏரி நடுவே ஒரு சின்னத் தீவு. பழைய தேவாலயம், ஒரு மடம், சுற்றி வர ஒரே தெரு. படகில் ஐந்து நிமிடம்தான். அந்த ஐந்து நிமிடத்தில் மீனா தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அம்மா அன்னிக்கு அந்த ஜோக்க மட்டும் அடிக்காம இருந்திருந்தா, அப்பவே இங்க வந்து உக்காந்து படகுக்காரன்கிட்ட மீன் விலை கேட்டிருப்பா, இல்லப்பா?"

நான் எதிர்க் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாள் உனக்கு நினைவிருக்கும். ஆனால் உனக்குத் தெரிந்தது பாதிதான்.

விசாவுக்குக் கைரேகை வைக்க நம் தீவிலிருந்து மூன்று நாள் கப்பலில் சென்னை போனோம். கவுண்ட்டரில் இருந்த பெண், "எதுக்கும்மா இத்தாலி?" என்று கேட்டாள். "சாப்பிடத்தான். புடிச்சுப்போச்சுன்னா நான் அங்கேயே இருந்துடுவேன். இவர மட்டும் பார்சல் பண்ணி அனுப்பிடுறேன்" என்றாய். அந்தப் பெண் சிரித்தாள். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். பிறகு அவள் என்னைப் பார்த்து, திரும்பி வருவதற்கு ஆதாரமாக வீட்டுப் பத்திர நகலும் ஓய்வூதிய ஆணையும் கேட்டாள். நீ அதற்குள் நகர்ந்து போய் யாரோ ஒருத்தியின் குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருந்தாய்.

நான், "தீவில் இருக்கிறது" என்றேன்.

மெயின்லேண்டுக்காரர்களிடம் அப்படிச் சொன்னால் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். கப்பல், கடல், நாலு நாள் என்று அவர்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள். முப்பத்திரண்டு வருடம் அலுவலகத்தில் நின்றுபோன ஒவ்வொரு வேலைக்கும் 'கப்பல் வரவில்லை' என்று குறிப்பு எழுதிய ஆள் நான். "இல்லாமலே அனுப்பட்டுமா சார்?" என்றாள். சரி என்று கையெழுத்துப் போட்டேன். இரண்டும் என் மடியில் இருந்த நீலக் கோப்பில் இருந்தன, தேவகி. இரண்டிரண்டு நகல்.

திரும்பி வரும் எண்ணம் உறுதிப்படவில்லை என்று பதில் வந்தது. படித்துவிட்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாய். "என் வாய்தாங்க. என் வாயால உங்களுக்கும் போச்சு" என்றாய். நான் என்ன சொன்னேன்? "பரவாயில்லை, விடு." நீ செய்யாத தப்பை நான் பெருந்தன்மையாக மன்னித்தேன். அதன் பிறகு வங்கியிலோ ஆஸ்பத்திரியிலோ யாராவது ஏதாவது கேட்டால், நீ வாயை மூடிக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பாய். அதைப் பார்த்துக்கொண்டும் நான் சும்மாதான் இருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் தங்கை செல்வி பத்துபஸ்தியிலிருந்து சாப்பிட வந்திருந்தாள். மீனா அச்சடித்து அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஏரிப் படம் வந்ததும், "அரே, என்ன அழகு அத்தான். எங்கக்கா வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா இதே எடத்துல அவளும் ஒரு தடவ நின்னுருப்பா" என்று சிரித்தாள்.

அவள் எத்தனையோ முறை சொன்னதுதான். அன்று தட்டைத் தள்ளி வைத்தேன். "அக்கா வாயால இல்ல செல்வி. காகிதம் என் பையில இருந்துச்சு" என்றேன்.

"எந்தக் காகிதம்?"

சொன்னேன். திக்கித் திக்கி, வரிசை மாறி மாறிச் சொன்னேன்.

"சச்சியா அத்தான், நெஜமாவா?" என்றாள். பிறகு, "ஏன்?" என்றாள்.

"பயம்."

"எதுக்குப் பயம்?"

மோர் எடுத்து வருகிறேன் என்று எழுந்துவிட்டேன். உனக்குச் சொல்கிறேன். இங்கே எந்தப் படிவம், எந்த வரிசை, எந்த அதிகாரி என்று எனக்குத் தெரியும். நீ கேட்பாய், நான் சொல்வேன். அங்கே நீ கேட்டு, எனக்குத் தெரியாமல் போய், நான் நடுத்தெருவில் முழித்துக்கொண்டு நிற்பதை நீ பார்த்துவிடுவாயோ என்று பயம். அவ்வளவுதான். போய்ப் பார்த்தால் அங்கே யாருக்குமே ஒன்றும் தெரியவில்லை. கையில் வரைபடத்தை வைத்துக்கொண்டு எல்லாரும் முழித்தார்கள், சிரித்தார்கள், தப்பான தெருவில் போய்த் திரும்பி வந்தார்கள். நீ இருந்திருந்தால் அந்தத் தப்பான தெருவிலும் யாரையாவது பிடித்துப் பேசியிருக்க மாட்டாயா?

செல்வி தட்டைக் கழுவி வைத்தாள். "அக்கா என்கிட்ட அழுதிருக்கா அத்தான். ஒரு தடவை இல்ல. மீனாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?" என்றாள். நானே சொல்கிறேன் என்றேன். "இந்த ஞாயிறு வரைக்கும் பார்ப்பேன்" என்றாள். போகும்போது போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

இன்று சனிக்கிழமை. வாரம் முழுக்க மீனா கூப்பிட்டாள். சாப்பிட்டேன், நடந்தேன், மழை பெய்தது என்றே பேசி வைத்துவிட்டேன். அவளிடம் சொல்ல வேண்டியதை ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதிப் பார்த்தேன். ஏழாவது எண் வரைக்கும் உண்மை வரவே இல்லை. கிழித்துப் போட்டேன். எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். அவள் பேசாமல் போய்விட்டால் நான் என்ன செய்வேன்? ஆனால் அவளுக்கு அவள் அம்மாவைப் பற்றி ஒரு பொய்யைக் கொடுத்து வைத்திருக்கிறேனே, அதை வைத்துக்கொண்டு எத்தனை நாள் சாப்பிட்டேன், நடந்தேன் என்று பேசுவது?

ஒரு மணிக்கு அவள் வீட்டில் இருப்பாள். கூப்பிட்டவுடன், எப்படி இருக்கிறாய் என்று கேட்பதற்கும் முன்னால், "உன் அம்மா பேச்சால் இல்லை, நான்தான்" என்று சொல்லிவிடுவேன். அவள் திட்டினால் முழுக்கக் கேட்பேன். வைத்துவிட்டால் நாளைக்கும் அதே நேரம் கூப்பிடுவேன், மறுநாளும். உனக்கு இது என் வாக்கு. அவள் என்றைக்காவது கேட்கத் தயாராகும்போது இன்னொன்றும் சொல்வேன். அன்று அந்தக் கவுண்ட்டரில் நீ சொன்னது நல்ல ஜோக். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்காதவன் நான் ஒருவன்தான்.

இப்படிக்கு,
உன்னை மன்னித்ததற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கும்
உன் வீட்டுக்காரன்,
சுந்தரமூர்த்தி